பருவமே வராத பாடகர்கள்

2006ஆம் ஆண்டு ஜூலை மாதம். இத்தாலியின் பொலோன்யா நகரில், செர்த்தோசா கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது 1782ல் இறந்த ஒரு பாடகரின் எலும்புகள். இறக்கும்போது அவருக்கு வயது 77.

எலும்புகளை ஆராய்ந்த பொலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில விசித்திரங்களைக் கண்டார்கள். கை, கால் எலும்புகள் வழக்கத்தை விட நீளமாக இருந்தன. பதின்பருவம் முடியும்போது மறைந்துவிட வேண்டிய வளர்ச்சிக் கோடுகள், 77 வயதுக் கிழவரின் எலும்பில் இன்னும் முழுதாக மறையாமல் இருந்தன. நெற்றி எலும்பின் உட்புறம் தடித்திருந்தது. இது மாதவிடாய் நின்ற வயதான பெண்களிடம் அதிகம் காணப்படுவது, ஆண்களிடம் மிக அரிது.

அந்த மனிதரின் பெயர் கார்லோ புரோஸ்கி. உலகம் அவரை அறிந்தது ஃபாரினெல்லி என்ற பெயரில். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மிகப் புகழ் பெற்ற பாடகர். அவருக்குப் பருவம் வரவே இல்லை. வர விடவில்லை என்பதே உண்மை!

இன்று குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் பாலின ஹார்மோன் குறைவு என்பது ஒரு நோய். அதற்கு மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. ஆனால் இதே குறைபாட்டை ஒரு காலத்தில் வேண்டுமென்றே சிறுவர்களுக்கு உண்டாக்கினார்கள். அதுவும் ஓரிருவருக்கு அல்ல, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக.

குரல் ஏன் உடைகிறது?

முதலில் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பிள்ளைகள் பதின்பருவத்தை எட்டும்போது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அதைப் பெறும் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவை ஆண் பிள்ளைகளின் விரைகளையும் பெண் பிள்ளைகளின் சினைப்பைகளையும் சென்று எழுப்புகின்றன. விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன, சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன.

டெஸ்டோஸ்டிரோன் பெருகியதும் பையனின் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் மெல்லிய தந்தியை எடுத்துவிட்டுத் தடித்த தந்தியைக் கட்டியது போல, குரல் கீழே இறங்கிவிடுகிறது. இதைத்தான் நம் பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். பெண் வேடம் போட்டுப் பாடிக் கைதட்டல் வாங்கிய சிறுவர்கள் எல்லாம் பயந்து நடுங்கிய சொல் அது.

மீசையும் தசையும் எலும்பின் வலிமையும் இதே ஹார்மோனின் வேலைதான். இன்னொன்றும் உண்டு. நீண்ட எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. பாலின ஹார்மோன்கள்தான் கடைசியில் அந்தத் தட்டுகளை மூடி, உயரமாவதை நிறுத்துகின்றன. ஆண்களிடமும் இந்த வேலையைச் செய்வது, டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பு உண்டாக்கிக் கொள்ளும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாத ஒரு மனிதர் 28 வயதிலும் வளர்ந்துகொண்டே இருந்ததை 1994ல் மருத்துவர்கள் பதிவு செய்தபோதுதான் இது உறுதியானது.

ஹார்மோன் என்ற சொல்லே 1905ல்தான் வந்தது. ஆனால் காளைக்குக் காயடித்தால் அது அடங்கிப்போகும் என்பது உழவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும். பையனுக்குச் செய்தால் குரல் உடையாது என்பதும் தெரிந்திருந்தது. காரணம் தெரியாமலே பலனை மட்டும் தெரிந்து வைத்திருந்த அறிவு அது.

தேவை எங்கிருந்து வந்தது?

சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்ற பொருளில் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி உண்டு. அதைக் காட்டி, தேவாலயப் பாடகர் குழுக்களில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்தார்கள். ஆனால் பல குரல்கள் சேர்ந்து பாடும் இசைக்கு உச்சக் குரல் இல்லாமல் முடியாது. சிறுவர்களைப் பழக்கினால், பாட்டு நன்றாகப் படிந்து வரும் நேரத்தில் குரல் உடைந்துவிடுகிறது.

இந்த இடைவெளியில்தான் காஸ்ட்ராட்டோ என்ற பாடகன் உருவானான். அதாவது விரை நீக்கப்பட்ட பாடகன். போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1589ல் புனித பேதுரு பேராலயப் பாடகர் குழுவை மாற்றி அமைத்தபோது இவர்களுக்கு அதில் இடம் கொடுத்தார். 1599ல் சிஸ்டைன் சிற்றாலயக் குழுவிலும் இத்தாலிய காஸ்ட்ராட்டோக்கள் சேர்ந்தார்கள். பிறகு ஓப்பரா என்ற இசை நாடகம் வளர்ந்தது. கோயிலில் தொடங்கிய தேவை அரங்குகளில் பல மடங்கு பெருகியது. போப்பின் ஆட்சியில் இருந்த ரோமில் மேடை நாடகத்திலும் பெண்கள் நடிக்கக் கூடாது என்பதால், கதாநாயகி வேடத்துக்கும் இவர்களே வந்தார்கள்.

இதில் பெரிய முரண்பாடு ஒன்று உண்டு. விரை நீக்கம் செய்வது திருச்சபைச் சட்டப்படி குற்றம். செய்தவர் சபையை விட்டு விலக்கப்படலாம். ஆனால் செய்யப்பட்டவனைப் பாட வைப்பது குற்றமல்ல! எனவே எல்லாப் பையன்களுக்கும் ஏதோ ஒரு 'விபத்து' நடந்திருந்தது. குதிரையிலிருந்து விழுந்தான், காட்டுப்பன்றி கடித்துவிட்டது என்று ஏதாவது ஒரு கதை. பையனே ஆசைப்பட்டுக் கேட்டான் என்று சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. எட்டு, பத்து வயதில் அந்தப் பையனுக்கு என்ன தெரிந்திருக்கும்?

சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் 1770ல் இத்தாலி முழுவதும் சுற்றினார். இந்த அறுவை எங்கே நடக்கிறது என்று போன இடமெல்லாம் விசாரித்தார். மிலானில் கேட்டால் வெனிஸ் என்றார்கள். வெனிஸில் பொலோன்யா என்றார்கள். பொலோன்யாவில் ஃபுளோரன்ஸ், ஃபுளோரன்ஸில் ரோம், ரோமில் நேப்பிள்ஸ் என்று கை காட்டினார்கள். சரக்கு எல்லாச் சந்தையிலும் கிடைத்தது. தயாரித்தவர் மட்டும் எந்த ஊரிலும் இல்லை.

ஒரு விபரீத முதலீடு

இவ்வளவு பெற்றோர் ஏன் சம்மதித்தார்கள்? அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலி போரும் பஞ்சமும் கொள்ளை நோயும் மாறி மாறி அடித்த நாடு. நாலைந்து பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டில் ஒருவனுக்கு நல்ல குரல் இருந்தால், அவனைக் கோயிலுக்கோ அரங்குக்கோ கொடுப்பது குடும்பத்தையே கரையேற்றும் வழியாகத் தெரிந்தது.

நேப்பிள்ஸில் கன்செர்வத்தோரியோ எனப்பட்ட நான்கு இசைப்பள்ளிகள் இருந்தன. நான்குமே அநாதைச் சிறுவர்களைக் காக்கத் தொடங்கப்பட்டு, பிறகு இசைப்பள்ளியாக மாறியவை. பையன்கள் பல ஆண்டு ஒப்பந்தத்தில் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அவற்றில் ஒன்றான சான் ஒனோஃப்ரியோவுக்குள் பர்னி போய்ப் பார்த்திருக்கிறார். ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டுகளில் ஆளுக்கொரு பாடத்தை ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பதினாறு காஸ்ட்ராட்டோ சிறுவர்களுக்கு மட்டும் மாடியில் கதகதப்பான தனி அறைகள். சளி பிடித்துவிட்டால் குரல் கெட்டுவிடுமே!

அந்தக் கதகதப்பு பையனுக்காக அல்ல, அவன் மீது போட்ட முதலுக்காக.

எந்த வியாபாரத்திலும் நட்டம் வரும். ஆனால் நட்டம் வந்தால் முதலைத் தேற்றிக்கொண்டு வேறு தொழில் செய்யலாம். இதில் அதற்கு வழியே இல்லை. அறுவை செய்துகொண்ட பின் குரல் நன்றாக வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஹார்மோன் இல்லாமல் போனால் குரல் உடையாது, அவ்வளவுதான். இனிமையும் ஞானமும் அதனால் வந்துவிடாது. பெரும்பாலானவர்கள் சிற்றூர்க் கோயில்களில் சாதாரணப் பாடகர்களாகக் காலம் தள்ளினார்கள். கோயில்களில் பாடுவோர் எல்லாம் ஓப்பரா அரங்குகள் கழித்துப் போட்டவர்கள் என்றே பர்னி எழுதிவிட்டார். இலாபம் வந்த சிலரின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. நட்டப்பட்டவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

மறுத்த ஒரு தகப்பன்

எல்லாத் தகப்பன்களும் சரி என்று சொல்லிவிடவில்லை. வியன்னாவின் புனித ஸ்டீஃபன் பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு அருமையான குரல். இவனை நிரந்தர உச்சக் குரல் பாடகனாக ஆக்கிவிடலாம் என்று பாடகர் குழுத் தலைவருக்கு யோசனை. பையனின் அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. அவரிடம் அனுமதி கேட்டார்கள். அவர் பதறிப்போய் ஊரிலிருந்து வியன்னாவுக்கு ஓடி வந்தார். அதற்குள் செய்து முடித்திருப்பார்களோ என்ற பயத்தில், அறைக்குள் நுழைந்ததுமே எங்காவது வலிக்கிறதா, நடக்க முடிகிறதா என்று மகனைக் கேட்டாராம். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

பின்னாளில் கிரீசிங்கர் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது. அந்தச் சிறுவனின் பெயர் ஜோசஃப் ஹைடன்.

இயற்கையின் போக்கில் ஹைடனின் குரல் உடைந்தது. குரல் போனதும் வேலையும் போனது. பதினேழு பதினெட்டு வயதில் வியன்னா தெருவில் நின்றார். அவர்தான் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை எழுதி, மேற்கத்திய இசையின் பெரிய மேதைகளில் ஒருவரானார். அந்தத் தகப்பன் மகனின் குரலைக் காப்பாற்றவில்லை, மகனைக் காப்பாற்றினார்.

வென்றவரின் கணக்கு

இந்தத் தொழிலில் வென்றவர்களில் முதலிடம் ஃபாரினெல்லிக்கே. 1705ல் தென் இத்தாலியின் ஆந்திரியாவில் பிறந்தவர். இவருடையது பரம ஏழைக் குடும்பம் அல்ல. ஆனால் 1717ல் தகப்பனார் இறந்துபோனார். குதிரையிலிருந்து விழுந்த அந்த வழக்கமான கதைதான் இவருக்கும் சொல்லப்பட்டது. நேப்பிள்ஸில் போர்போரா என்ற ஆசிரியரிடம் பயின்று 1720ல் மேடையேறினார்.

ரோமில் பதினேழு வயதில் ஓர் எக்காளக் கலைஞரோடு இரவுக்கு இரவு போட்டியிட்டு, மூச்சின் நீளத்தில் அவரையே ஓய வைத்தார் என்று பர்னி எழுதுகிறார். இதில் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்புக்கும் பங்கு உண்டு. வளர்ச்சித் தட்டுகள் மூடாததால் விலா எலும்புகளும் நீண்டு மார்புக்கூடு அகன்றிருக்கும். பெரியவரின் நுரையீரல், சிறுவனின் குரல்நாண்! அந்த ஓசை இயற்கையில் வேறு எங்கும் கிடையாது.

1734ல் லண்டனுக்குப் போனார். பணம் கொட்டியது. 1737ல் ஸ்பெயினுக்கு அழைக்கப்பட்டார். கடுமையான மனச்சோர்வில் கிடந்த மன்னர் ஐந்தாம் ஃபிலிப்புக்கு இரவுதோறும் பாடுவதே வேலை. 1746ல் மன்னர் இறக்கும் வரை அது தொடர்ந்தது. ஸ்பெயினுக்குப் போன பின் அவர் பொது மேடையில் பாடவே இல்லை. அடுத்த மன்னரிடமும் செல்வாக்கோடு இருந்துவிட்டு, கடைசிக் காலத்தைப் பொலோன்யாவில் தன் பெரிய மாளிகையில் கழித்தார்.

மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. காஸ்ட்ராட்டோக்கள் திருமணம் செய்துகொள்ளவும் கூடாது என்பது சட்டம். 1587ல் அந்த ஆணையைப் போட்டவரும் அதே ஐந்தாம் சிக்ஸ்துஸ்தான்! பிள்ளை பெற முடியாதவனுக்குத் திருமணம் எதற்கு என்பது வாதம். அப்படி ஆக்கியது யாருக்காக என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

2006ல் எலும்புகள் சொன்னது இந்தக் கணக்கின் மறுபக்கத்தை. எலும்புத் தேய்வு இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் இல்லாமல் இருந்ததற்கு உடம்பு கொடுத்த விலை அது. புகழும் பணமும் அதை ஈடுகட்டவில்லை.

ஆறு சேவல்கள்

விரைக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு முதல் விடை கிடைத்தது ஒரு கோழிக் கூண்டிலிருந்து. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டிற்கு விரைகளை அடியோடு நீக்கினார். அவை கொண்டை சிறுத்து, சண்டை போடாமல், சரியாகக் கூவாமல் சாதுவாக வளர்ந்தன. மற்ற நான்கிற்கும் விரைகளை இடம் மாற்றி வயிற்றுக்குள் வைத்தார். அதிலும் இரண்டிற்கு ஒன்றின் விரையை மற்றொன்றுக்கு வைத்தார். அந்த நான்கும் முழுச் சேவல்களாகக் கூவித் திரிந்தன!

அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரைக்குப் பழைய நரம்புத் தொடர்பு இல்லை, புதிய இரத்தக் குழாய்கள் மட்டுமே இருந்தன. அப்படியானால் விரையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. 1849ல் இதை அவர் வெளியிட்டார். உலகம் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த 'ஏதோ ஒன்று' கைக்குக் கிடைக்க 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு சுமார் 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் அளவுக்குப் பிரித்தெடுத்தது. அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் புட்டனண்டும் ருசிக்காவும் அதைச் செயற்கையாகவே தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். 1939ன் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. பெண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோன் 1929லேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது.

கத்தி படாமலே வரும் குறை

மருந்து கையில் வந்த பிறகு மருத்துவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். எந்தக் கத்தியும் படாமல், பிறவியிலேயே இந்தக் குறையோடு வரும் பிள்ளைகள் இருந்தார்கள்.

1938ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர், உயரம் குறைந்து, பூப்பு எய்தாமல் இருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். 1942ல் ஹாரி கிளைன்ஃபெல்ட்டர் ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார். முதல் வகையில் ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவு என்பதும், இரண்டாம் வகையில் ஒன்று அதிகம் என்பதும் 1959ல் தெரிய வந்தன. டர்னர் குறைபாடு 2000 முதல் 2500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. கிளைன்ஃபெல்ட்டர் குறைபாடு 500 முதல் 1000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரியாமலே வாழ்நாள் போய்விடுகிறது.

1944ல் ஃபிரான்ஸ் கால்மன் குழு விவரித்த மூன்றாவது வகை இன்னும் வியப்பானது. இவர்களுக்குப் பருவமும் வராது, வாசனையும் தெரியாது. கருவில் மூக்குப் பகுதியிலிருந்து மூளைக்குப் பயணம் செய்ய வேண்டிய நரம்புச் செல்கள் வழியிலேயே நின்றுவிடுவதுதான் காரணம். முதல் சமிக்ஞையே கிளம்பாததால் பின்னால் உள்ள சுரப்பிகள் எல்லாம் உறங்கியே கிடக்கின்றன.

பையனுக்கு 14 வயதிலும், பெண்ணுக்கு 13 வயதிலும் பருவ மாற்றத்தின் முதல் அடையாளம் கூடத் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. தாமதமாகும் பையன்களில் பெரும்பாலோருக்குக் குறையே இராது. அப்பாவோ அம்மாவோ தாமதமாக வளர்ந்தவராக இருப்பார், பிள்ளையும் அப்படியே. உண்மையிலேயே குறை என்றால், சிறிய அளவில் ஹார்மோனைத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். இயற்கை எப்படிப் படிப்படியாகச் செய்யுமோ, அப்படி. உடல் தேற வேண்டும் என்று தாமாகவே ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களுக்கு நேர்வது இதற்கு நேர் எதிர். எலும்பின் வளர்ச்சித் தட்டு காலத்துக்கு முன்பே மூடி, இருக்கும் உயரத்தோடு நின்றுவிடக் கூடும்.

மருந்து எளிது. அதற்கு முன் கேட்பதுதான் கடினம். வகுப்பில் எல்லோருக்கும் குரல் உடைந்து தனக்கு மட்டும் உடையாத பையன் பேசுவதையே நிறுத்திவிடுகிறான். தோழிகள் எல்லாம் பெரியவளாகி, தான் மட்டும் ஆகாத பெண்ணைப் பற்றி வீட்டில் மூடிய கதவுக்குப் பின்னால்தான் பேச்சு. கேலிக்கும் வெட்கத்துக்கும் நடுவே, எலும்பு வலுப்பெற வேண்டிய நல்ல வருடங்கள் வீணாகக் கழிந்துவிடுகின்றன.

கடைசிக் குரல்

காலம் மாறியது. பெண்கள் மேடையேறினார்கள், ரசனையும் மாறியது. ஓப்பராவின் கடைசிப் பெரிய காஸ்ட்ராட்டோ வெல்லுட்டி 1861ல் மறைந்தார். தேவாலயத்தில் மட்டும் சிலர் மிஞ்சினார்கள். 1903 நவம்பரில் போப்பாண்டவர் பத்தாம் பயஸ், தேவாலயத்தில் உச்சக் குரலுக்குச் சிறுவர்களையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். முந்நூறு ஆண்டுகள் கழித்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தார்கள்.

அந்தக் கடைசி வரிசையில் நின்றவர் அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி. 1858ல் பிறந்து, 1883ல் சிஸ்டைன் குழுவில் சேர்ந்தவர். 1902லும் 1904லும் கிராமபோன் நிறுவனத்தார் ரோமுக்கு வந்து அவர் குரலைப் பதிவு செய்தார்கள். தனியாகப் பாடி ஒலித்தட்டில் இன்று வரை நிலைத்திருக்கும் ஒரே காஸ்ட்ராட்டோ அவர்தான். 1922ல் இறந்தார்.

அந்தப் பதிவு இப்போதும் கேட்கக் கிடைக்கிறது. கரகரப்புக்கு நடுவே, ஆணுடையதும் அல்லாமல், பெண்ணுடையதும் அல்லாமல், குழந்தையுடையதும் அல்லாமல் ஒரு குரல் எழுகிறது. அழகாக இருக்கிறதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் கணக்கில் வராத ஆயிரக்கணக்கான சிறுவர்கள் இருக்கிறார்கள். எக்காளத்தை வென்றவர்கள் அல்ல, மன்னருக்குப் பாடியவர்களும் அல்ல. பருவம் என்று ஒன்று தமக்கு வரவிருந்தது என்பதே தெரியாமல், அதை விலையாகக் கொடுத்தவர்கள்.

அன்று அவர்களுக்காக மூச்சிரைக்க ஓடி வந்து "வலிக்கிறதா?" என்று கேட்க ஒரு சக்கரத் தச்சன் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. இன்று ஒரு பிள்ளை பருவம் வராமல் ஒதுங்கி நிற்கும்போது, அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் அப்பாவோ அம்மாவோ ஆசிரியரோ இருந்தால் போதும். மீதியை மருந்து பார்த்துக்கொள்ளும்.